கம்பத்துக்காரர்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்முக்கு ஏறும் சாலையில் காடிகள் நகராது. நடந்து போகிற ஆள் உங்களை முந்திப்போய், ஸ்ட்ராபெரி பேரம் பேசி வாங்கி, திரும்பி வந்து உங்களுக்கும் இரண்டு பழம் நீட்டலாம். அவ்வளவு அவகாசம் இருக்கும். அப்படி மாட்டிக்கொண்டு நிற்கிற காடியின் கண்ணாடியைக் குடைக் காம்பால் தட்டி, "எந்த ஊரு தம்பி?" என்று ஒருவர் கேட்டால், அவர்தான் கம்பத்துக்காரர்.

நம் நாட்டில் கம்பம் என்றால் கிராமம். கம்பத்து வீடு, கம்பத்துக் கோழி என்கிறோம். இவரை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இவர் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில். அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். இவருடைய கம்பம், கொடிக்கம்பம்.

"கோலாலம்பூருங்க" என்பீர்கள்.

"தொண்ணூத்தஞ்சு" என்பார்.

எது தொண்ணூற்றைந்து? பஸ் நம்பரா, கிலோ தக்காளி விலையா என்று நீங்கள் திகைக்கும்போதே விளக்கம் வந்துவிடும். டத்தாரான் மெர்டேக்காவில் நிற்கிற கம்பம், 95 மீட்டர். 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி நள்ளிரவில் வெள்ளைக்காரன் கொடி இறங்கிய திடல் அது. கூச்சிங் என்று சொன்னால் "தொண்ணூத்தொம்பது" என்பார். கூடவே முகம் வாடும். இன்னும் ஒரே ஒரு மீட்டர் போட்டிருந்தால் நூறு ஆகியிருக்குமே, ஏன் போடவில்லை? இந்தக் கேள்வியால் அவர் சில இரவுகள் தூங்கவில்லை என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்ட மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சிலருக்குப் பந்து விளையாட்டுக் கணக்கு, சிலருக்குத் தலைவர்களின் பிறந்தநாள். கம்பத்துக்காரருக்கு மீட்டர். தன் ரத்த அழுத்த மாத்திரை காலையிலா இரவிலா என்று மகளிடம் கேட்டுத்தான் விழுங்குவார். ஆனால் கெய்ரோவுக்குப் பக்கத்தில் எகிப்துக்காரர்கள் கட்டுகிற புதிய நிர்வாகத் தலைநகரின் கம்பம் 201.952 மீட்டர் என்பதைப் புள்ளிக்குப் பின்னால் உள்ள மூன்று இலக்கத்தோடு சொல்வார். இழவு வீட்டுக்குப் போனாலும் முதலில் பந்தல் மூங்கிலை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் துக்கம் விசாரிப்பார். அவருடைய சொந்த உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை; கணக்குக் கேட்கிறவருக்குக் கணக்குச் சொல்கிறேன்.

ஒருமுறை சவூதியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று ஒட்டுக்கடையில் அவித்த சோளம் தின்றுகொண்டிருந்தது. மனிதர் போய் நெஞ்சில் கை வைத்து, "ஜெட்டா! நூத்தியெழுபத்தொண்ணு! 2014!" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழங்கினார். அந்த வீட்டுப் பெரியவருக்கு ஒரே பூரிப்பு. தன் ஊர்க் கம்பத்தை இந்த மலையுச்சியில் ஒருவர் தெரிந்து வைத்திருக்கிறாரே! கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கல் முடிவதற்குள் இவர், "2021ல எகிப்து தாண்டிருச்சு. உங்களுக்கு ஏழு வருஷந்தான்" என்றார். பெரியவர் கையை எடுத்துக்கொண்டார். சோளம் விற்கிற அக்கா, "வந்த கிராக்கிய ஏண்ணே வெரட்டுறீங்க?" என்று கேட்டதற்கு, "உண்மைய மறைக்கச் சொல்றியா?" என்றார்.

அவருடைய அருமையான சொற்பொழிவு பாக்கூவைப் பற்றியது. 2010இல் அசர்பைஜான் தலைநகர் பாக்கூவில் 162 மீட்டர் கம்பம் எழும்பியது. ஊரே மெச்சிக்கொண்டிருந்த அடுத்த ஆண்டே தஜிகிஸ்தானின் துஷான்பேயில் 165 மீட்டரில் ஒன்று வந்து நின்றது. மூன்றே மீட்டர்! இதில் அவர் ரசிக்கிற நுணுக்கம், இரண்டையும் நட்டது டிரைடென்ட் சப்போர்ட் என்ற ஒரே கம்பெனி. பிறகு ஜெட்டாவுக்கும் அவர்களே. "பொண்ணு வீட்டுக்கும் அவந்தான் பந்தல், மாப்பிள்ளை வீட்டுக்கும் அவந்தான் பந்தல். யாரு தோத்தா அவனுக்கு என்ன?" என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய மற்ற பேச்சையெல்லாம் மன்னிக்கலாம் என்பது என் கட்சி.

கொரியாக் கதையை அவர் தோட்டத்துப் பாஷையில்தான் சொல்வார். எல்லைக்கோட்டுக்குத் தெற்கே டேசாங்-டாங், வடக்கே கிஜாங்-டாங். 1980களில் தெற்குக்காரன் 98.4 மீட்டரில் ஒரு கம்பம் நட்டான். வடக்குக்காரன் பார்த்தான், 160 மீட்டரில் எழுப்பினான். "மேல் லயத்துக்காரன் திருவிழாவுக்கு ரெண்டு ஒலிபெருக்கி கட்டுனா கீழ் லயத்துக்காரன் நாலு கட்டுவானே, அதே கதைதான்." அட்டாரி-வாகா எல்லையும் அப்படியே. 2017 மார்ச்சில் இந்தியா 360 அடி. அதே ஆகஸ்டில் பாகிஸ்தான் 400 அடி. 2023இல் இந்தியா 418 அடி. குடை நுனியால் சாலையோர ஈரமண்ணில் இரண்டு கம்பத்தையும் வரைந்து காட்டுவார். பின்னால் ஹாரன் அடிக்கிறவனுக்கு எல்லைப் பிரச்சினையின் ஆழம் தெரியாது.

சென்னையிலிருந்து வருகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் கனிவு உண்டு. எலிஹு யேல் கவர்னராக இருந்த காலத்துப் புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரம், கரை தட்டிய கப்பலின் தேக்கில் செய்தது என்று சொல்லப்படுகிற 150 அடி மரம், இப்போது இரும்பாகிவிட்டது என்று பெருமூச்சு விடுவார். மரக்கம்பம் என்றாலே அவருக்குத் தொண்டை அடைக்கும். லண்டன் கியூ தோட்டத்தில் 1959இல் நட்ட 225 அடிக் கம்பத்தை, உள்ளே உளுத்ததாலும் மரங்கொத்திகள் குடைந்ததாலும் 2007இல் இறக்கிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு மரங்கொத்தியைக் கண்டால் ஆகாது.

சட்டதிட்டத்தில் அவர் கறார். இழுவைக் கம்பி கட்டாமல், தன் காலில் தானே நிற்பதுதான் கம்பம். வட கொரியாவினுடையது இரும்புச் சட்டங்களைப் பின்னிய கோபுரம். "அது டவரு, கம்பத்துல சேர்க்கக் கூடாது" என்று ஒரே வெட்டாகத் தள்ளிவிடுவார்.

ஆகஸ்ட் பிறந்ததும் அவர் வீட்டு வாசலில் பதினாலடி மூங்கில் ஒன்று எழும்பும். உச்சியில் ஜாலோர் கெமிலாங். கியா பார்ம் பனியில் துணி நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாதி நாள் கொடி இருக்கிறதா என்றே தெரியாது. அவருக்கு அதில் வருத்தமில்லை. "கடல் மட்டத்துலேருந்து கணக்குப் போடு. இந்த எடமே 1,500 மீட்டருக்கு மேல. அதுக்கு மேல என் கம்பம். எகிப்துக்காரன் எங்க நிக்கிறான்?"

போன ஆகஸ்டில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய பேரன் மூங்கிலைச் சுற்றி வந்தான். அடுத்த வீட்டுச் சௌசௌப் பந்தலுக்கும் இவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குமாக மூங்கிலை மூன்று பக்கம் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தது.

"தாத்தா, கயிறு கட்டியிருக்கு. அப்போ இது டவரா?"

அன்று சாயங்காலமே கயிறுகளை அவிழ்த்துவிட்டார். ராத்திரி அடித்த காற்றில் மூங்கில் சௌசௌப் பந்தலின் மேல் சாய்ந்தது. கொடியைப் பத்திரமாக எடுத்து மடித்து வைத்துவிட்டு, பந்தலுக்கு நஷ்டஈடாக ஐம்பது வெள்ளி கொடுத்தார்.

அடுத்த விடுமுறைக்குக் கேமரன் மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கியா பார்மில் சோளம் வாங்குங்கள், ஸ்ட்ராபெரி வாங்குங்கள். கண்ணாடியைக் குடைக் காம்பு தட்டினால் இறக்குங்கள், பாவம், நல்ல மனிதர். எந்த ஊர் என்று கேட்டால் மட்டும், கம்பமே இல்லாத ஊராகப் பார்த்துச் சொல்லுங்கள்.