இடிக்கவா, பூசவா?

கேள்வி: தாத்தா கட்டிய சுண்ணாம்புச் சுவர் வீட்டைப் புதுப்பிக்கிறோம். சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத பொருள் எதை வாங்கலாம்?
(வாசகி, காரைக்குடி)

பதில்: முதலில், வாங்காதீர்கள். உங்கள் சுவர்ச் செங்கல் தாத்தா காலத்திலேயே சூளையில் வெந்து, விட வேண்டிய புகையை விட்டு முடித்துவிட்டது. சுவரை எடுத்தே ஆகவேண்டும் என்றாலும் பயமில்லை. சுண்ணாம்புச் சாந்து செங்கலை முழுசாகத் திருப்பித் தரும். சிமென்ட் சாந்து உயிரே போனாலும் விடாது.

"மேலே சிமென்ட் பூசிடலாம்மா" என்பார் கொத்தனார். வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைக்க, சுவர் உப்புப் பூத்து உதிரும். உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பின் கைங்கரியம். சுண்ணாம்பும் சூளையில் வெந்ததுதான். ஆனால் இறுகும்போது விட்ட வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் நாணயஸ்தன்.

தரைக்கு, பக்கத்திலேயே செய்யும் ஆத்தங்குடித் தரைக்கற்கள். அந்தக் கற்களுக்குச் சூளையே கிடையாது (சிமென்ட் கொஞ்சம் உண்டு, மன்னித்துவிடுங்கள்). கதவு, ஜன்னலுக்குப் பழைய தேக்கு உங்கள் ஊரிலேயே கிடைக்கும்.

சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காய் ஊறவைக்கத் தெரிந்த கொத்தனாரை மட்டும் இப்போதே பிடித்துவையுங்கள். தேக்கைவிட அவருக்குத்தான் தட்டுப்பாடு.