லித்தியத்துக்கு நிக்கல் வேஷம்

பிறியஸ் காரில் பெற்றோல் தீர்ந்துவிட்டால் பற்றரியின் தயவில் ஒரு கிலோமீற்றர் போலாவது ஊர்ந்து ஒழுங்கை வாசலுக்கு வந்துவிடலாம். பெரிய பற்றரி செத்துவிட்டால், தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தாலும் படலையைத் தாண்டாது. அதற்கென்று தனியாக ஸ்ராட்டர் கிடையாது. என்ஜினைச் சுழற்றி எழுப்புவதும் பின்சீற்றுக்குப் பின்னால் குந்தியிருக்கும் அந்த 201.6 வோல்ட் பற்றரிதான். இதைச் சொன்னபோது ஒழுங்கையில் ஒருவரும் நம்பவில்லை. "தள்ளினால் பிடிக்கும் அண்ணை" என்று பொடியள் நாலு பேர் முச்சந்திவரை தள்ளிக்கொண்டு போனார்கள். பிடிக்கவில்லை. திரும்பவும் வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். சோடாச் செலவு என்னுடையது.

கார் 2008ஆம் ஆண்டுப் பிறப்பு, பதிவு மனுசியின் பெயரில். பதினைந்து வருடம் உழைத்த நிக்கல் பற்றரியைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அந்த வயதில் அது ஓய்வு கேட்டது நியாயம்தான். கேட்ட நேரம்தான் சரியில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் கியூஆர் கோட்டைக் காட்டினால் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்றார்கள். அந்த 20 லீற்றரை வைத்துக்கொண்டு வன்னி வரை போய்வந்த எங்களை ஊரே மரியாதையாகப் பார்த்தது. புதுக் கார் வராத அந்தக் காலத்தில் பழைய கார்தான் சீதனம், வைப்புப் பணம், சமூக அந்தஸ்து எல்லாம். அந்தஸ்து இப்போது கொட்டிலுக்குள் அசையாமல் நின்றது. புதுப் பற்றரிக்கு விலை கேட்டேன். சொன்னவர் அதைச் சொல்லும்போது எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார்.

"அத்தான், நான் செய்து தாறன்" என்றான் மச்சான்.

மச்சான் என்றால் மனுசியின் தம்பி. கொக்குவிலில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு இன்வேட்டரும் தண்ணிப் பம்பியும் திருத்துகிறவன். அவன் சொன்னதைக் கேட்டு நான் சிரிக்காததற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் வராது, ரோர்ச்லைற் பற்றரியும் வராது, பொருளாதாரத் தடை. கார்புரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு என்ஜினை எழுப்பி, அது கண் விழித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்ட ஊர் இது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிஜும் புகையைக் கக்கிக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் போயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் செய்தி கேட்டோம். செய்தி முடியும்வரை சுற்றுகிறவனுக்குக் கை ஓயக்கூடாது; அந்தப் பதவி வீட்டில் இளையவனுக்கு. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பதவியில் இருந்தவன்தான் பின்னாளில் எனக்கு மச்சானானான். இயந்திரங்களுக்குப் பொய் சொல்வது இங்கே பரம்பரைத் தொழில். மாமனார் மொறிஸ் மைனருக்குச் சொன்னதை மகன் பிறியசுக்குச் சொல்லப் புறப்பட்டான். மொறிஸ் கேள்வி கேட்காது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பிறியஸ் கேட்கும். அந்தப் பற்றரியில் 28 மொடியூல், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் செல் ஆறு சேர்ந்தது. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 கட்டாகக் கணக்கெடுத்து, கட்டுக்கொரு வயர் போட்டு, பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கணினி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கட்டு சொல்வதற்கும் மற்றது சொல்வதற்கும் இடைவெளி கூடினால் டாஷ்போட்டில் சிவப்பு முக்கோணம் எரியும். ஸ்கானரைச் செருகினால் பி0ஏ80 என்று வரும். பற்றரியை மாற்று என்பதைக் கார் தன் பாஷையில் சொல்வது அது.

முதலில் மச்சான் பழைய லாப்டொப் பற்றரிகளை உடைத்துச் செல் எடுக்கலாம் என்றான். 18650 என்று பெயர்: 18 மில்லிமீற்றர் குறுக்களவு, 65 மில்லிமீற்றர் நீளம். போதாததற்கு, இணையத்தில் 9900 மில்லியம்பியர் மணி என்று பெரிதாக எழுதிய செல்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. அந்த அளவுச் செல்லில் நல்ல கொம்பனிக்காரர் தருவதே 3500ஐ ஒட்டித்தான். மிச்சம் 6400ம் பெயின்றில் இருக்கிறது. அதைவிட, கார் ஒரே மிதியில் 21 கிலோவாட் கேட்கும். 200 வோல்டால் பிரித்தால் நூறு அம்பியருக்கு மேல். லாப்டொப் செல்லிடம் அதைக் கேட்பது பாவம். பழைய செல்கள் சோளார் விளக்குக்குப் போயின.

அடுத்ததாக நிசான் லீஃப். முழு மின்சாரக் கார். இலங்கையில் ஒரு காலம் நிறைய வந்து இறங்கியது. அதன் பற்றரியில் 48 மொடியூல். 28ஐத் தொடராக இணைத்தால் வோல்ட் கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது என்று மச்சான் துள்ளினான். ஒன்று 3.8 கிலோ. 28 மொடியூல் 106 கிலோ. எங்கள் பழைய நிக்கல் பெட்டி முழுதாகவே 40 கிலோவை ஒட்டித்தான் வரும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு மீற்றர் உயரம்.

"பின்சீற்றைக் கழட்டினால் இருக்கும், அத்தான்."

"பின்னுக்கு ஆக்கள்?"

"நீங்கள் ரெண்டு பேர்தானே. ஆக்கள் எங்கை இருக்கினம்?"

இரண்டு பிள்ளைகளும் கனடாவில் இருப்பதை ஒரு பொறியியல் வசதியாக மாற்றிய ஒரே ஆள் அவன்தான்.

கடைசியில் லித்தியம் இரும்புப் பொஸ்பேற்றில் வந்து நின்றான். ஒரு செல் 3.2 வோல்ட். ஐந்தைக் கோர்த்தால் 16. நிக்கல் கட்டு ஒன்று பெயருக்கு 14.4 என்றாலும் காரில் ஓடும்போது 16ஐ ஒட்டித்தான் நிற்கும். ஆகவே கட்டுக்கு ஐந்து, 14 கட்டுக்கு 70 செல். கூடுதல் கரண்ட் தாங்கும் இனமாகப் பார்த்து எடுப்பித்தான். மனுசிக்கு ஒரேயொரு கேள்விதான் இருந்தது: "உது எரியுமோ?"

நெருப்புப் பிடிக்கவே பிடிக்காது என்று ஒருவரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் மற்ற லித்திய வகைகளைவிட இது சாதுவானது. பொஸ்பேற் தன் ஒட்சிசனை இறுகப் பிடித்துக்கொள்ளும், சூட்டுக்கு இலகுவில் விட்டுக்கொடுக்காது. மச்சான் இதைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குள் போனான். இந்தப் பொருளைப் பற்றரிக்கு உதவும் என்று டெக்சாசில் ஜோன் குடினஃபின் குழு எழுதியது 1997இல். ஜப்பானில் பிறியஸ் விற்பனைக்கு வந்ததும் அதே 1997 டிசம்பரில். "வயதுப் பொருத்தம் இருக்கு, அக்கா." குடினஃப் 2019இல் நோபல் பரிசு வாங்கும்போது அவருக்கு வயது 97. "அப்ப பழசெண்டு ஒண்டையும் எறியக்கூடாது" என்று என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முடித்தான்.

பெட்டியைத் திறந்தோம். குளிர்காற்று இழுக்கும் துவாரம் பின்சீற்றின் பக்கத்தில்தான் இருக்கிறது. நல்லூர்த் திருவிழா மணல், பூனை மயிர், இடியப்ப மா எல்லாம் விசிறியில் படலமாக அப்பியிருந்தன. சைபர் பாகைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் பண்ணாதே என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தப் பக்கத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை; எங்களுக்கு விசிறிதான் உயிர்.

செம்பு இணைப்புத் தகடுகள் பச்சை பிடித்துக் கிடந்தன. வெளிநாட்டில் வினாகிரியில் ஊறப்போடுவார்களாம். குத்துவிளக்கு விளக்குகிற வீட்டில் வினாகிரி எதற்கு? பழப்புளி போட்டுத் தேய்த்ததில் தகடு தகதகவென்று வந்தது. அன்றைக்குப் புளிக்கஞ்சி கிடைக்காத காரணத்தைப் பின்னேரம்தான் மனுசி கண்டுபிடித்தாள்.

இருநூறு வோல்ட் நேர்மின்னோட்டம் விளையாட்டில்லை.   ஒறேஞ் நிறப் பாதுகாப்புச் செருகியை இழுத்து, பத்து நிமிடம் பொறுத்து, மீற்றர் வைத்துப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். செருகியை இழுத்தால் காருக்குப் போகிற கரண்ட் நிற்குமே தவிர, செல்களுக்குள் இருப்பது அப்படியேதான் இருக்கும். அதற்கு ஆயிரம் வோல்ட் றப்பர்க் கையுறை போட வேண்டும்; கழுத்துச் சங்கிலி, மோதிரம் எல்லாம் கழற்ற வேண்டும். இன்னொரு பழைய விதியும் உண்டு: ஒரு கையால் வேலை, மற்றக் கை பொக்கற்றுக்குள், இதயத்துக்குக் குறுக்கே கரண்ட் பாயாமலிருக்க. மச்சான் சாரம் கட்டியிருந்தான். சாரத்துக்குப் பொக்கற் இல்லை. ஆகவே இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, வெள்ளைக்காரத் துரைமாருக்குப் பரிமாறுகிற சேவகன் பாவனையில் எழுபது செல்லையும் கோர்த்தான். இளைப்பாறிய பௌதிகவியல் ஆசிரியரான எங்கள் பெரியப்பா கதிரை போட்டிருந்து ஓமின் விதியை விளக்கினார். கேட்டது பூனை மட்டும்.

கோர்ப்பது பாதி வேலை. நிக்கல் பொறுமைசாலி, கொஞ்சம் கூடச் சார்ஜ் ஏற்றினாலும் சூடாகி முனகிவிட்டு விட்டுவிடும். லித்தியத்துக்கு 3.65 வோல்ட் என்றால் 3.65தான். செல்கள் ஒன்றையொன்று முந்தாமல் சமப்படுத்துகிற சின்னப் பலகை ஒவ்வொரு கட்டுக்கும் வேண்டும். பழைய பெட்டியில் இருந்த வெப்ப உணரிகளைப் புதுச் செல்களில் ஒட்டி, 14 வயரையும் பழைய ஒழுங்கிலேயே பூட்டி, உள்ளே வந்திருப்பது நிக்கல்தான் என்று கணினியை நம்பவைக்க வேண்டும். இரும்புப் பொஸ்பேற்றின் வோல்ட் எண்பது வீதத்திலும் 3.3தான், இருபது வீதத்திலும் கிட்டத்தட்ட 3.2தான். உள்ளே என்ன மிச்சம் என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கணினிக்குக் குழப்பம் வரும்: திரையில் பற்றரிப் படம் காரணமில்லாமல் நிறையும், காரணமில்லாமல் வடியும். அதற்கு மச்சான் சொன்ன சமாதானம், "ஓடினால் காணும், படம் பாக்கிறதுக்கு ரீவி இருக்கு."

காரை நம்பவைத்துவிட்டோம். பற்றரிக் கணினியைப் போலவே வேலை செய்கிற இன்னொரு ஆளும் வீட்டில் இருப்பதைத்தான் யோசிக்கவில்லை. மனுசி வங்கியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவள். செலவு எவ்வளவென்று நேரே கேட்கமாட்டாள். என்னிடம் ஒரு பேச்சுவாக்கில், தம்பியிடம் இன்னொரு பேச்சுவாக்கில், செல் கொண்டுவந்து இறக்கிய பொடியனிடம் தேத்தண்ணி கொடுக்கும்போது, தம்பி பெண்சாதியிடம் கோயிலடியில். நாலு இடத்து வாசிப்பையும் எடுத்து ஒப்பிட்டாள். நான் சொன்னதற்கும் தம்பி சொன்னதற்கும் இருந்த இடைவெளி பி0ஏ80க்குத் தாராளமாகக் காணும்.

"இஞ்சாருங்கோ, ஆர் சொல்லுறது சரி?"

மச்சான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

கணக்கு நாலு மூலையிலிருந்தும் வெளியே வந்தது. அதன்பிறகுதான் பொத்தானை அழுத்த அவள் சம்மதித்தாள், அழுத்தியதும் அவளேதான். ரெடி விளக்குப் பச்சையாக எரிந்தது. முக்கோணம் இல்லை. பெரியப்பா எழுந்து நின்று கை தட்டினார். பெற்றோல் செலவு பாதியாகும் என்று எதிர்பார்த்தவர்கள் எதிர்பார்க்க வேண்டாம். உள்ளே எதை வைத்தாலும் கார் தன்னிடம் இருப்பது ஆறரை அம்பியர் மணி நிக்கல் என்றுதான் நினைத்து அளந்து செலவழிக்கும். ஆனால் கோப்பாய்ப் பக்கம் முந்தப்போகும்போது பழைய தயக்கம் இல்லை. படம் மட்டும் நினைத்தபடி நிறைகிறது, வடிகிறது.

ஒழுங்கையில் செய்தி பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. அடுத்த கிழமையே பின்வீட்டு அண்ணை வந்து நின்றார். அவருடையது அக்குவா: 20 மொடியூல், 144 வோல்ட். மச்சான் ஒரு கணம் கண்ணை மூடி, "ஐம்பது செல் போகும் அண்ணை" என்றான். விலை சொல்ல வாயைத் திறக்குமுன் மனுசி உள்ளேயிருந்து கொப்பியும் பேனையுமாக வந்து நடுவில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"தம்பி செல்லைப் பாக்கட்டும் அண்ணை. முற்பணம் என்னட்டைத் தாங்கோ. பழப்புளி நீங்கள்தான் கொண்டுவர வேணும்."