வில்லி லோமனின் அவரைப் பாத்தி

1986-இல் கோவையில் நான் படித்த கல்லூரியில் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகம் போட்டோம். அதன் நாயகன், ஊர் ஊராக அலையும் விற்பனையாளன் வில்லி லோமனாக நடித்தவன் அன்னூர்ப் பையன். முகம் முழுக்க ரோஸ் பவுடர், வாடகைக் கோட்டு, தலைக்குப் பெரிய தொப்பி. மூக்கால் பேசினால்தான் அமெரிக்கா என்று எல்லோரும் நம்பினோம். அதற்கு மூன்று வருஷம் முன்னால் நாடகத்தை எழுதிய ஆர்தர் மில்லரே பெய்ஜிங்குக்குப் போய் அதைச் சீன மொழியில் இயக்கியிருந்தார். அமெரிக்கர் மாதிரி வேஷம் கட்டாதீர்கள், பொன்னிற டோப்பா வேண்டாம், நீங்கள் நீங்களாகவே இருங்கள் என்று நடிகர்களிடம் சொல்லியிருந்தார். அவர் எழுதிய பெய்ஜிங் குறிப்புகளைப் பல வருஷம் கழித்துப் படித்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பவுடரை நானே துடைத்துவிட்டிருப்பேன்.

நாடகத்தை வகுப்பில் படித்தபோது எங்களுக்கு விளங்காதது தவணைதான். பிரிட்ஜுக்குத் தவணை, காருக்குத் தவணை, வீட்டுக்கு 25 வருஷத் தவணை. வீட்டுக் கடன் அடைந்து முடிகிற நாளில் வில்லியின் அடக்கம் நடக்கிறது. பேராசிரியர் ஒரு மணி நேரம் கரும்பலகையில் கணக்குப் போட்டு விளக்கினார். எங்கள் தெருவில் பிரிட்ஜே கிடையாது. எது வாங்குவதானாலும் சீட்டு எடுத்த பணத்தில்தான் வாங்குவோம்.

வில்லி தூக்கிக்கொண்டு அலையும் சரக்குப் பெட்டியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதில் என்ன சரக்கு என்று மில்லர் கடைசிவரை சொல்லவே மாட்டார். எனக்கு அது என் அப்பாவின் ரெக்ஸின் பைதான். உள்ளே விலைப்பட்டியல், ஆர்டர் புக், கார்பன் தாள், ஒரு துண்டு, ஒரு மாற்று பனியன். "லைனுக்குப் போயிட்டு வந்தர்றேன் கண்ணு" என்று திங்கட்கிழமை கிளம்புவார். பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி என்று கடை கடையாக மோட்டார் பம்புக்கு ஆர்டர் எடுத்து, பழைய பாக்கி வசூலித்துச் சனிக்கிழமை ராத்திரி வருவார். கட்டைவிரலில் கார்பன் மை நீலமாக அப்பியிருக்கும். ஞாயிறு சோறு பிசையும்போதும் அது போயிருக்காது. எந்த ஊரில் யார் கிணறு எத்தனை அடி, எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் மனப்பாடம். கிணறுகள் வற்றி, போர் போட்டு, கம்ப்ரஸரும் சப்மெர்சிபிளும் வந்தபோது அந்த அறிவுக்கு விலையில்லாமல் போனது. முதலாளியின் மகன் அப்பாவைக் கூப்பிட்டு, "நீங்க இனி வீட்ல ரெஸ்ட் எடுங்கண்ணா" என்றார். நாடகத்தில் முதலாளி மகன் ஹோவர்ட், புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியைப் பெருமையாகப் போட்டுக்காட்டிவிட்டு 34 வருஷம் உழைத்தவனை வெளியே அனுப்புவான். அந்தக் காட்சியை இன்றைக்கும் என்னால் தொடர்ந்து படிக்க முடிவதில்லை.

இப்போது அதே நாடகம் மறுபடி மேடைக்குப் போகிறது. எங்கள் செட்டில் சிலரும் இருபது வயதுப் பிள்ளைகளும் சேர்ந்து, கொங்குத் தமிழில். கல்கத்தாவில் நாந்திகார் குழு எப்போதோ வங்காளியில் செய்துவிட்டது. 2022-இல் பிராட்வேயில் வெண்டல் பியர்ஸ் வில்லியாக நடித்தபோது லோமன் குடும்பமே கறுப்பினக் குடும்பமாகியிருந்தது. 1949 பிப்ரவரி 10-இல் முதல்முதலாக மேடையேறிய நாடகம் இப்படித்தான் ஊருக்கு ஊர் வீடு மாறுகிறது. எங்களுக்கு மட்டும் இத்தனை வருஷம் பிடித்துவிட்டது.

ஒத்திகையில் தவணைக்கு விளக்கமே தேவைப்படவில்லை. வசனத்தில் இ.எம்.ஐ. என்று வந்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஒருசேரத் தலையாட்டினார்கள். வில்லியின் வீட்டைச் சுற்றி நெருக்கும் அடுக்குமாடிகளும் அப்படித்தான். முதல் மேடையில் அரங்க வடிவமைப்பாளர் ஜோ மீல்சீனர் அவற்றைப் பின்னால் உயர நிறுத்தினார். 1986-இல் நாங்கள் அட்டையில் வரைந்து ஒட்டினோம், அது என்னவென்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. இன்றைக்குச் சரவணம்பட்டிப் பக்கம் எந்த ஓட்டு வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் அந்த செட்தான்.

இப்போது விளக்க வேண்டியதெல்லாம் அன்று எங்களுக்குத் தெரிந்தவையாகவே இருந்தன. வில்லியின் மனைவி லிண்டாவாக நடிக்கும் பெண், "அங்கிள், லைனுக்குப் போறதுன்னா என்னங்க?" என்று கேட்டாள். கல்லறைக் காட்சியில், வில்லி தன் கையால் கட்டிய வாசல் படியில்தான் அவன் விற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக அவன் இருந்தான் என்று மகன் பிஃப் சொல்வான். நான் அதைத் திண்ணை என்று மாற்றினேன். அந்தச் சொல் அங்கே உட்கார்ந்தது மாதிரி வேறெதுவும் உட்காராது. ஆனால் அந்த அறையில் திண்ணை வைத்த வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

பிறகு அந்தக் காட்சி. எல்லாம் கைவிட்டுப் போன ராத்திரியில், வெயில் படாத கொல்லையில், டார்ச் வெளிச்சத்தில் வில்லி விதை ஊன்றுகிறான். எங்கள் பிரதியில் அவரை விதை. வேலை போன மாசம் அப்பாவும் கொல்லையில் பாத்தி கட்டினார், பட்டம் பார்க்காமல். வில்லியாக நடிக்கும் தம்பி நின்றுகொண்டே விதையைத் தூவினான், கல்யாணத்தில் அட்சதை போடுகிற மாதிரி.

"குத்தவெச்சு உக்காரு தம்பி" என்றேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, மேடைப் பலகையில் களைக்கொத்தால் கீறுவது எப்படி, விரலால் குழி எடுப்பது எப்படி என்று காட்டினேன்.

"எத்தனை இன்ச் ஆழங்க?"

"ரெண்டு வெரக்கடை."

அவன் இரண்டு விரலைச் சேர்த்துப் பலகைமேல் வைத்துப் பார்த்தான். "இவ்வளவுதானுங்களா?" என்றான். ஆமாம் என்றேன். அடுத்த குழிக்கு நகர்ந்தான்.