காலை எடுக்காதே, மாப்ளே!

வாய்யா மாப்ளே! பழைய ஃபெராரி வாங்கிட்டயாமே, 308 ஜிடிபி! 1975ல பாரிஸ் கண்காட்சியில இறக்கின ரகம், பினின்ஃபரினா போட்ட உடம்பு. கொடுத்து வச்சவன். போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியாச்சுல்ல? இனி ஓட்டவும் கத்துக்கோ.

உக்காந்ததுமே முட்டி மடங்கும், கை எட்டாது. எந்த உடம்பை அளவெடுத்து இந்த சீட்டைச் செஞ்சாங்களோ! பெடல் பூரா நடுப்பக்கமா ஒதுங்கிக் கிடக்கும். நீ போட்டுத் திரியிற அகலமான ஷூவைக் கழட்டிரு. இல்லாட்டி பிரேக்கோட ஆக்ஸிலேட்டரையும் சேத்து மிதிப்ப.

கியரை உன் பழக்கத்துக்கு இடது மேல தள்ளுவ. தள்ளு, தள்ளு, பின்னால சுவரு இருக்கு. அங்க இருக்கிறது ரிவர்ஸு. ஒண்ணாவது இடது கீழ. ரெண்டும் மூணும் நடுவுல நேருக்கு நேர். பந்தயத்துல அதுங்களைத்தான் அடிக்கடி மாத்துவாங்கன்னு அப்படி வச்சது. காலையில எடுத்ததும் ரெண்டாவது விழாது. அங்கபோய் உன் புஜபலத்தைக் காட்டாதே, உள்ள சின்க்ரோ வளையந்தான் தேயும். கியர் ஆயில் சூடாகிற வரைக்கும் ஒண்ணுலேர்ந்து மூணுக்குத் தாவு. அது சூடாக இஞ்சினை விட நேரம் பிடிக்கும்.

பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. வண்டியை நிறுத்தத் திருப்பினா தோள்பட்டை கழண்டுரும். ஜிம்முக்குக் கட்டுற காசு மிச்சம்னு வச்சிக்க. ஓட ஆரம்பிச்சதும் லேசாயிரும். ரோட்டுல கிடக்கிற கல்லு, பள்ளம் எல்லாத்தையும் உன் கையில வந்து சொல்லும். சொல்லட்டும், விடு. இறுக்கிப் பிடிச்சு மல்லுக்கட்டாதே.

இனிமேதான் விஷயம். இஞ்சின் உன் முதுகுக்குப் பின்னால, பின்சக்கரத்துக்கு முன்னால, குறுக்கே கிடக்கு. மாட்டுவண்டியில மூட்டை ஏத்தினவனுக்கு முன்பாரம் பின்பாரம் தானாத் தெரியும். நீ கம்ப்யூட்டர்ல ஏத்தினவன், அதனால சொல்றேன். வளைவுக்குள்ள போனப்புறம், ‘அய்யோ வேகமா வந்துட்டோமே’ன்னு ஆக்ஸிலேட்டர்லேர்ந்து வெடுக்குனு காலை எடுத்தேன்னு வை, பாரம் அப்படியே முன்சக்கரத்துக்கு ஓடிரும். பின்டயர் பிடி விட்டுப்போகும். கனமெல்லாம் நடுவுல கிடக்கிறதால வண்டி சட்டுனு சுத்தும். நீ வந்த வழியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப.

உன் புதுக் காருல இப்படிப் பண்ணினா, வண்டியே எந்தச் சக்கரத்தைப் பிடிக்கணுமோ அதைப் பிடிச்சு உன்னைக் காப்பாத்திரும். நீ பெரிய ஓட்டக்காரன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவ. இதுல ஏபிஎஸ்ஸே இல்ல. அது இதோட தம்பி 328க்கே 1988லதான் வந்தது.

அதனால பிரேக்கும் கியரும் நேர்ரோட்டுலயே முடிஞ்சிரணும். வளைவுக்குள்ள கால் லேசா, ஒரே சீரா மிதிச்சபடி இருக்கணும். ஸ்டியரிங் நேராக நேராக மிதியைக் கூட்டு. பயம் வர்றது தப்பில்ல. அது வளைவுக்கு முன்னாடியே வரணும், அவ்வளவுதான். மழை பேஞ்சா வீட்டுல இரு.

மாரனெல்லோ ஃபேக்டரி இருக்கிற ரோட்டுலயே போனா அபெத்தோனே கணவாய் வந்துரும், 1,388 மீட்டர் உயரம். பாவுல்லோ தாண்டி மலைக்குள்ள ஏற ஏற வளைவுதான். வண்டி பிறந்த ஊருலயே ஓட்டிப் பாக்கணும்னு உனக்கு ஆசை, தெரியும். ஏறும்போது கால் தானா மிதியில இருக்கும், நல்லாத்தான் இருக்கும். இறங்கும்போதுதான் காலை எடுக்கச் சொல்லும்.

அதுக்கு முன்னால டயரைக் குனிஞ்சு பாத்தியா? ரொம்ப நாள் நின்ன வண்டியில டயர் பட்டன் புதுசாட்டம் தெரியும், ரப்பர் செத்துப் போயிருக்கும். பக்கவாட்டுல தேதி எண் இருக்கும். 2309ன்னா 2009ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. நாலு எண் இல்லாம மூணே எண் இருந்தா அது 2000க்கு முந்தின டயரு. போய்ப் பாத்துட்டு வா. அது வரைக்கும் சாவி இங்கயே இருக்கட்டும்.