ஓர் ஆள், ஓர் அகராதி

கேள்வி: பெரிய அகராதிக்குக் குழுவும் அரசுப் பணமும் வேண்டாமா? தனி ஆளால் ஆகிற காரியமா?

பதில்: எட்வர்ட் ட்வெல்லியிடம் கேட்டிருந்தால், கையில் ஒட்டிய அச்சு மையைத்தான் காட்டியிருப்பார்! 1864இல் லண்டனையடுத்த ட்விக்கன்ஹாமில் பிறந்த ஆங்கிலேயர். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியை வளர்ந்த பிறகே கற்றார். 70,000க்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்ததோடு, எழுத்துக் கோத்து அச்சடித்ததும் அவரே. 1901இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கிய அகராதி 1911இல்தான் முடிந்தது. அட்டையில் முதலில் போட்டுக்கொண்டதோ ஈவன் மக்டொனால்ட் என்ற ஸ்காட்லாந்துப் பெயர்! ஏருக்கும் படகுக்கும் படம் போட்டு, ஒவ்வோர் உறுப்புக்கும் உழவரும் மீனவரும் வழங்கிய பெயரைக் குறித்தாரே, அதற்காகவே அவரைக் கும்பிடலாம். ஆனாலும் தனி ஆள் என்று சொல்லாதீர்கள். ஸ்காட்லாந்துக்காரரான மனைவி மேரியின் உழைப்பும் அதில் இருக்கிறது.