பாரிஸ் கடிதம்: ஆர்ஏசி இல்லாத கோபுரம்

மாயவரத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும்,

பாரிஸில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டும் உங்கள் ஊர்ப் பையன் ஒருவன், போன மே மாதம் வரை ஈஃபில் கோபுரத்தில் ஏறியதே இல்லை. பையன் யாரென்று விசாரிக்க வேண்டாம், கையெழுத்தே காட்டிக் கொடுத்துவிடும். காவிரிக் கரையிலேயே வீட்டை வைத்துக்கொண்டு ஐப்பசிக் கடைமுழுக்குக்குப் போகாதவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்? அதே கதைதான் இங்கேயும். ஆறாம் நம்பர் மெட்ரோ சேன் நதிப் பாலத்தைக் கடக்கும்போது ஜன்னலில் கோபுரம் தெரியும். 1889-லிருந்து நிற்கிறது, எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டான்.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள் என்று முடிவானதும்தான் வினை தொடங்கியது.

மார்ச் மாதமே அப்பா போனில் கேட்டார்: "டிக்கெட் போட்டுட்டியா?" விமான டிக்கெட்டைக் கேட்கிறார் என்று நினைத்து, "போட்டாச்சுப்பா, ஜன்னல் சீட்டு" என்றான் பையன். "அது இல்லடா. கோபுரத்துக்கு." அதையெல்லாம் நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இவன் சொன்னதும் மறுமுனையில் ஒரு மௌனம். அந்த மனிதர் மாயவரம் ஜங்ஷனில் ரிசர்வேஷன் கவுன்ட்டருக்குள் 29 வருஷம் உட்கார்ந்தவர். பொங்கலுக்கு முதல் நாள் சாவகாசமாக வந்து, "சார், மெட்ராசுக்கு நாலு லோயர் பெர்த்" என்று கேட்டவர்களை எப்படிப் பார்த்திருப்பாரோ, அதே பார்வை போன் வழியாகவே வந்து இவன் மேல் விழுந்தது.

ஏப்ரல் கடைசியில், அவர்கள் வர மூன்று வாரம் இருக்கும்போது, பையன் கோபுரத்தின் இணையதளத்தைத் திறந்தான். லிஃப்டில் உச்சிக்குப் போகும் டிக்கெட் ஒன்றுகூட மிச்சமில்லை. மே மாதத் தேதிகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தன. அப்போதுதான் விதியைப் படித்தான்: லிஃப்ட் டிக்கெட் 60 நாளைக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிடும். படிக்கட்டு டிக்கெட் 14 நாளைக்கு முன்பு.

அப்பாவிடம் சொன்னதும் கோபம் வரும் என்று பயந்தான். அவருக்கோ பரம சந்தோஷம். "அறுபது நாளா? நம்ம ரயில்வேயும் 2024 நவம்பர்லேருந்து நூத்தி இருபதைக் குறைச்சு அறுபதுதானே வெச்சிருக்கு! நம்மளப் பாத்துத்தான் வெச்சிருப்பான்." பிறகு தொழில்முறை விசாரணை தொடங்கியது. வெயிட்டிங் லிஸ்ட் எவ்வளவு ஓடுகிறது? இல்லை. ஆர்ஏசி? கிடையாது. எமர்ஜென்சி கோட்டா, எம்.பி. லெட்டர்? ஒன்றுமில்லை. கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பான்? மொத்தத்தையும், காசு திரும்ப வராது. "என்னடா தேசம் இது" என்றார். முன்னூற்று முப்பது மீட்டர் உயரத்துக்கு இரும்பைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு, பாதி பெர்த்தில் ஆளை உட்கார வைக்கும் யோசனை தோன்றவில்லையே என்ற வருத்தம் அவருக்கு இன்றுவரை தீரவில்லை.

இடையில் பையன் ஒரு பள்ளத்தில் விழப் பார்த்தான். தேடும்போது முதலில் வந்து நின்றது ஏதோ ஒரு தளம். கோபுரத்தின் படம், பிரெஞ்சுக் கொடி நிறம், 'வரிசையைத் தாண்டிச் செல்லுங்கள்' என்ற ஆசை வார்த்தை. எல்லாத் தேதியும் பச்சையாக இருந்தது. ஆளுக்கு அசல் விலையைப் போல மூன்று மடங்கு. அட்டை எண்ணைப் போடப் போகும் நேரத்தில் அப்பாவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. திரையைக் காட்டினான். கண்ணாடியைத் தூக்கி ஒருமுறை பார்த்தார். "ஸ்டேஷன் வாசல்ல காதுகிட்ட வந்து 'சார், ஒரு பெர்த் இருக்கு'ன்னு சொல்லுவான் பாரு, அவன்தான் இவன். சட்டை மட்டும் வேற. மூடு." மூடினான். வாங்கியிருந்தாலும் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். 2018-லிருந்து கோபுரத்தின் அடிவாரத்தைச் சுற்றி மூன்று மீட்டர் உயரத்துக்குக் குண்டு துளைக்காத கண்ணாடிச் சுவர். எந்த டிக்கெட் வைத்திருந்தாலும் அந்தச் சோதனையிலிருந்து தப்பிக்க முடியாது.

கோபுரம் ஏறும் தேதிக்குச் சரியாகப் பதினான்கு நாள் முன்பு, காலையில் பையன் எழுந்து பல் துலக்குவதற்குள் போன் அடித்தது. கோடையில் இந்தியா பாரிஸைவிட மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அந்த மூன்றரை மணியையும் அப்பா வீணாக்கவில்லை. மாயவரத்தில் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று படிக்கட்டு டிக்கெட்டைக் கூடையில் போட்டு, பெயர்களையும் நிரப்பிவிட்டுக் காத்திருந்தார். "கார்டு நம்பர் சொல்லு. சீக்கிரம். கூடைக்கு மேல ஒரு கடிகாரம் ஓடுது." சொன்னான். "ஓடிபி?" அதையும் சொன்னான். தத்கல் கூட்டத்தை வெறுங்கையோடு சமாளித்த மனிதர் பாரிஸை ஆறு நிமிஷத்தில் பிடித்துவிட்டார்.

படிக்கட்டு என்றதும் பையனுக்கு அம்மாவின் முழங்கால் நினைவுக்கு வந்தது. இரண்டாம் தளம் வரை 674 படி. தயங்கித் தயங்கிச் சொன்னான். அம்மா ஒரு நொடி யோசித்தார். "பழனியில 693. இது பத்தொம்போது குறைச்சல்தானே?"

ஏறிய கதையை விலாவாரியாக எழுத இவனுக்கு மூச்சில்லை. 57 மீட்டரில் முதல் தளம் வந்தபோது அம்மா கைப்பிடிச் சுவரோரம் நின்று, "இங்க ஒரு இடும்பன் சந்நிதி இருந்தா நல்லா இருக்கும்" என்றார். 116 மீட்டரில் இரண்டாம் தளத்தில் அவர் நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் உட்கார இடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது லூவர். இங்கே அப்பாவின் திறமைக்கு அம்மாவின் தினசரிக் காலண்டர் போட்டியாக வந்து நின்றது. லூவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. "செவ்வாயில எந்தக் காரியமும் வெச்சுக்கக் கூடாதுன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று அம்மாவுக்கு ஒரே திருப்தி. ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை அடைப்பு. அப்பா பழைய ரிசர்வேஷன் சார்ட் மாதிரி கோடு போட்டு, மேலே கிழமை, பக்கத்தில் இடம் என்று ஒரு தாள் தயாரித்தார். அம்மா அதன் மேல் சிவப்பு மையால் ராகு காலத்தைக் குறித்தார். புதன் பன்னிரண்டு மணி ஸ்லாட் அடிபட்டது. வெள்ளி பதினொன்றும் போயிற்று. கடைசியில் புதன்கிழமை சாயங்காலம் மிஞ்சியது. புதனும் வெள்ளியும் லூவர் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், அந்த நேரத்தில் கூட்டமும் குறைவு. பதினோரு வருஷம் இங்கே இருந்தும் இவனுக்குத் தெரியாத நல்ல நேரத்தைப் பஞ்சாங்கம் கண்டுபிடித்தது.

இந்த ஸ்லாட் சமாச்சாரம் ஆதியிலிருந்து வந்ததல்ல. லூவர் 2018-இல் மட்டும் 102 லட்சம் பேரை உள்ளே விட்டது. கண்ணாடிப் பிரமிட் வாசலில் வரிசை பாம்பாக வளைந்து கிடக்கும். 2020 ஜூலையில் கொரோனாவுக்குப் பின் கதவைத் திறந்தபோது நேரம் குறித்த முன்பதிவைக் கட்டாயமாக்கினார்கள். நோய் போயிற்று, ஸ்லாட் தங்கிவிட்டது. இப்போது ஒரு நாளைக்கு 30,000 பேருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அப்படியும் 2024-இல் 87 லட்சம் பேர் வந்தார்கள்.

டிக்கெட் விலையில்தான் குடும்பத்துக்குள் சண்டை மூண்டது. 2026 ஜனவரியிலிருந்து லூவரில் இரண்டு விலை. ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்குள் வசிப்பவருக்கு 22 யூரோ, வெளியிலிருந்து வருபவருக்கு 32. பையனுக்கு 22, பெற்றவர்களுக்கு ஆளுக்கு 32. "ஒனக்கு மட்டும் கன்செஷனா? பெத்தவங்க நாங்க வெளியாளா?" என்றார் அப்பா. யூரோவை நூறால் பெருக்கிப் பார்த்து இன்னும் கொஞ்சம் சூடானார். மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாய், வெள்ளைக்காரருக்கு 600 வாங்குகிறோமே என்று இவன் நினைவூட்டினான். அப்பா சற்று நேரம் பேசவில்லை. "அது நம்ம கல்லு" என்றார் பிறகு.

மோனாலிசா இருக்கும் கூடத்தில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். படம் 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம், நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா படத்தைவிடச் சற்றுத்தான் பெரிது. முன்னால் கைபேசிகளைத் தூக்கிப் பிடித்தபடி நூறு பேர். 1911 ஆகஸ்டில் இதைத் திருடிக்கொண்டு போனபோது, படம் இருந்த வெற்றுச் சுவரைப் பார்க்கக்கூட ஜனங்கள் வரிசையில் நின்றார்கள் என்று பையன் விளக்கினான். "அப்ப அந்தக் கூட்டத்துக்குச் சுவரு நல்லாத் தெரிஞ்சிருக்கும்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பினார். அங்கே ஏறக்குறைய பத்து மீட்டர் அகலத்துக்கு வெரோனேசே 1563-இல் வரைந்த கானாவூர்க் கல்யாணம். நூறு பேருக்கு மேல் இருக்கிற பந்தி. அம்மா அதற்கு முன்னால் நின்றார். யார் பெண் வீட்டார், யார் பிள்ளை வீட்டார், வாத்தியக்காரர்கள் ஏன் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த மூலையில் ஜாடியைச் சாய்க்கிறவன் சமையல்காரனா என்று அரை மணி நேரம் ஆராய்ச்சி. மோனாலிசாவுக்கு அவர் கொடுத்தது நாற்பது விநாடி. இந்தக் கல்யாணத்துக்காகத் தனியாக யாரும் டிக்கெட் போட்டு வருவதாகத் தெரியவில்லை. அம்மாவைப் போலப் பின்பக்கம் திரும்பியவர்களுக்கு வாய்த்தது.

பாரிஸின் நிலத்தடி எலும்புச் சுரங்கத்தை அப்பா பட்டியலில் சேர்த்திருந்தார். இடம் போதாமல் நிரம்பி வழிந்த பழைய கல்லறைகளிலிருந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிக் கொண்டுவந்து அடுக்கிய சுமார் 60 லட்சம் பேரின் எலும்புகள். டிக்கெட் ஏழு நாள் முன்புதான் திறக்கும். "சுடுகாட்டைப் பாக்க முன்பதிவா?" என்று அம்மா அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். அதற்கு மேல் அப்பீல் இல்லை.

சேந்த் ஷாப்பெல்லில் தவறு முழுக்க நம் பக்கம். ஒன்பதாம் லூயி கட்டி 1248-இல் திறந்த தேவாலயம். பதினைந்து மீட்டர் உயரக் கண்ணாடிகளில் 1,113 காட்சிகள். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் கண்ணாடிப் பாத்திரமோ கூரான பொருளோ கொண்டுபோகக் கூடாது என்று டிக்கெட்டிலேயே எச்சரிக்கை உண்டு. பையன் படிக்கவில்லை. மதியத் தயிர்சாதத்துக்கு அம்மா பையில் வைத்திருந்தது கண்ணாடி பாட்டில் மாவடு. ஸ்லாட்டுக்குப் பத்து நிமிஷம். மூவரும் நடைபாதை ஓரம் நின்று, மாவடுவை எடுத்துத் தயிர்சாத டப்பாவுக்குள் புதைத்துவிட்டு பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். உள்ளே அத்தனை வண்ண வெளிச்சத்துக்கு நடுவில் அம்மா முணுமுணுத்தது, "நல்ல பாட்டிலு."

நோத்ர தாமுக்கு வந்ததும் அப்பா குழம்பினார். 2019 ஏப்ரலில் எரிந்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்த பேராலயம். நுழைவு இலவசம். ஆனாலும் விரும்பினால் இரண்டு நாளைக்கு முன்பிருந்து பூஜ்யம் யூரோவுக்கு ஸ்லாட் எடுக்கலாம். "காசே இல்லாத டிக்கெட்டு எதுக்குடா?" திருப்பதியில் முன்னூறு ரூபாய் தரிசனமும் தர்ம தரிசனமும் இருப்பது போல என்றான் பையன். அப்படியானால் தர்ம தரிசனம்தான் என்று அப்பா பதிவில்லாத வரிசையில் போய் நின்றுகொண்டார்.

அந்த வரிசை வேகமாகவே நகர்ந்தது. முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்து, "நீங்கள் இந்தியாவில எவடம்?" என்று கேட்டார். அவர் யாழ்ப்பாணம், பாரிஸின் லா ஷாப்பெல் பகுதியில் நாற்பது வருஷம். வாசலை அடைவதற்குள் மாயவரத்தில் காவிரித் தண்ணீர், யாழ்ப்பாணத்தில் பனங்கிழங்கு, பேரப்பிள்ளைகளின் பிரெஞ்சு, முழங்காலுக்கு எந்தத் தைலம் எல்லாம் பேசி முடிந்திருந்தது. மற்ற எந்த இடத்திலும் அப்பா ஓர் ஆளோடும் பேசவில்லை என்பது பையனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்லாட் வாங்கியவர்கள் கைபேசியை நீட்டுகிறார்கள், ஒரு பீப் சத்தம், உள்ளே போய்விடுகிறார்கள். 29 வருஷம் வரிசையின் மறுபுறம் உட்கார்ந்தவர், ரிட்டயரான பிறகு வரிசைக்குள் நின்று பழகும் சந்தோஷத்தில் இருந்தார்.

ஜூன் நடுவில் ஊர் திரும்பினார்கள். வீடு அமைதியானது. போன ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போன். பதறி எடுத்தான்.

"ஒண்ணுமில்ல. அடுத்த தெரு ஸ்டூடியோக்காரர் குடும்பம் அக்டோபர்ல அங்க வருது, அஞ்சு பேரு. லூவர் புதன் சாயங்காலம் போட்டாச்சு. கோபுரத்துக்கு லிஃப்டு வேணாம், படிக்கட்டுதான் நல்லா இருந்துச்சுன்னு உங்கம்மா சொல்லிட்டா. அது பதினாலு நாளைக்கு முன்னாடிதான் திறக்கும், நான் பாத்துக்கறேன்."

"சரிப்பா."

"உன்னையும் சேத்து ஆறு. வழி காட்ட ஆளு வேணாமா? லூவருக்கு வர்றப்ப அந்த அடையாள அட்டைய எடுத்துட்டு வந்துடு. உள்ளூர் ரேட்டுல போட்டிருக்கேன்."