கம்பிக்கு இந்தப் பக்கம்

வாடிக்கையாளர் தெய்வம் என்பார்கள். தமிழக அரசின் மதுக்கடையான டாஸ்மாக்கில் தெய்வம் வெளியே நிற்கும், கவுன்ட்டர் கம்பிக்குள். கை நுழையும் அளவு சந்தில் காசை நீட்டினால், கேட்ட பிராண்டு வராது, இருக்கிற பிராண்டு வரும். பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் பத்து ரூபாய் ஏன் என்று கேட்டால், பின்னாலிருப்பவரே “நகருண்ணே” என்பார். மலை மாவட்டமான நீலகிரியில் 2022இல் தொடங்கிய திட்டத்தில் இன்னொரு பத்து ரூபாயும் உண்டு. அது காலி பாட்டிலைக் கொடுத்தால் திரும்பும். முதல் பத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

மரியாதையாக விற்றால் குடி பெருகிவிடும், இந்த அலட்சியமே ஒரு மதுவிலக்குதான் என்று வாதிடலாம். அழகான வாதம்தான், ஆனால் 2003இல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்ட பிறகு வருமானம் ஏறி, 2023-24இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. சிடுசிடுப்பு யாரையும் திருத்தியதாகத் தெரியவில்லை. பழியை விற்பனையாளர் தலையில் கட்டுவதும் சரியல்ல. தொகுப்பூதியத்தில் பத்து மணிநேரம் நின்று, அடிதடிக்கும் பயந்து விற்பவரிடம் புன்னகை எதிர்பார்ப்பது அதிகம். பக்கத்துத் தெருவில் போட்டிக்கடை இருந்தால் சில்லறையாவது சரியாக வரும். இங்கே கோபித்துக்கொண்டு போகிறவர் போய்ச் சேருவதும் இன்னொரு டாஸ்மாக்குக்குத்தான். அங்கேயும் அதே கம்பி, அதே பத்து ரூபாய்.